இருபத்துநாலாவது ஆள்

அந்த ஊருக்குப் பெயர் கிடையாது. பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் அப்பாவோடு வேலை பார்த்தவர் ஒருவர் உதிரி பாகங்களைச் சேர்த்து எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் செய்து கொடுத்தார். அதோடு உறையில்லாத ஒரு சிடியாக வந்து சேர்ந்தது அந்த விளையாட்டு. நாங்கள் அதை ஊர் என்றே சொன்னோம். அதில் விரல் நகம் உயரத்துக்கு மனிதர்கள் இருந்தார்கள். மரம் வெட்டினார்கள், மீன் பிடித்தார்கள், நான் இடம் காட்டினால் வீடு கட்டினார்கள். நான் ஒன்றும் செய்யாவிட்டாலும் அவர்கள் பாட்டுக்குப் பிழைத்தார்கள். ஜெயிப்பது, தோற்பது எதுவும் அதில் இல்லை. சாப்பாடு முடிந்த மத்தியானங்களில், ஸ்ரீரங்கத்து வெயில் தெருவை ஆளில்லாமல் துடைத்துப் போட்டிருக்கும்போது, "ஊரைப் போடட்டுமாம்மா?" என்று கேட்பேன். முதலில் ஆறு வரும். பிறகு கரை, பிறகு கூரைகள். கடைசியில்தான் ஆட்கள்.

அந்த ஊரில் சிலது ஒரு மாதிரி இருந்தது. ஓர் ஆடு களஞ்சியத்தின் கூரைமேல் நின்றது; ஏறியதை யாரும் பார்க்கவில்லை, இறங்கவும் இல்லை. மீன்காரர் ஒருவர் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் வலை வீசினார். தரையிலிருந்து மீனும் வந்தது. ஒரு கிழவர் சுவரை நோக்கி நடந்துகொண்டே இருந்தார். கால்கள் நடந்தன, ஆள் நகரவில்லை. நாய் ஒன்றின் நிழல் மட்டும் கரையில் படுத்திருந்தது, நாயைக் காணோம். அதெல்லாம் பிழை என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு வயது பதினொன்று. ஊர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

அந்த வருஷம் லீவு விட்ட வாரத்தில் அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை, தொட்டியத்தில் வாழைத்தோட்டக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்து ஆறு வருஷம். ஒரு சூட்கேஸும் ஒரு சீப்பு பூவன்பழமுமாக வாசலில் வந்து நின்றாள். "லீவுக்கு வந்திருக்கா" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னாள். அத்தைக்கு எந்த ஸ்கூலில் லீவு விட்டார்கள் என்று நான் யோசித்ததுண்டு.

எங்கள் வீடு ஒரு ஹாலும் ஓர் உள்ளறையும் சமையலறையும்தான். நாங்கள் எழுவதற்குள் அத்தையின் பாய் சுருண்டு பீரோவுக்குப் பின்னால் போயிருக்கும். "இப்படியே எத்தனை நாளைக்குங்க?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டது ஒருமுறை என் காதில் விழுந்தது. "அவங்க வந்து கூப்பிட்டா அனுப்பித்தானே ஆகணும்" என்றார் அப்பா. சொல்லிவிட்டு வெகுநேரம் செருப்பைத் தேடினார். செருப்பு காலில் இருந்தது.

அம்மாவும் அத்தையும் தேவைக்கு மேல் பேசிக்கொள்வதில்லை. "சும்மாதானே இருக்கே, பாலை வாங்கிட்டு வந்துடேன்." "சும்மாதானே இருக்கே, அந்தக் கீரையைக் கொஞ்சம் ஆய்ஞ்சு வையேன்." அத்தை எல்லாவற்றையும் செய்துவிட்டு என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். அவள் முகத்தில் ஊரின் பச்சை வெளிச்சம் ஊர்ந்துகொண்டிருக்கும்.

கிணற்றடியில் இருந்தவளை முதலில் கவனித்தது அத்தைதான்.

"ஏன்டி, இவ யாரு? நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், தண்ணி தூக்கி மாளலையே இவளுக்கு."

நீலப் பாவாடைக்காரி ஒருத்தி. கிணற்றில் குடத்தை நிரப்புவாள், ஒரு வீட்டு வாசலில் ஊற்றுவாள், திரும்பி வருவாள், அடுத்த வீடு. நான் மவுஸை அவள்மேல் கொண்டுபோய் வைத்தேன். அப்படி வைத்தால் அந்த ஆள் என்ன வேலை செய்கிறார் என்று தலைக்கு மேல் ஒரு சொல் வரும். அவளுக்கு 'ஐடில்' என்று வந்தது.

"அப்படின்னா?"

"சும்மா இருக்கான்னு அர்த்தம் அத்தை."

அத்தை திரைக் கண்ணாடிக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனாள். பாவாடைக்காரி அப்போது ஏழாவது வீட்டுக்குத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லாப் படிச்சுப் பாரு."

"அப்படித்தான் போட்டிருக்கு."

"இத்தனை குடம் தூக்கியும் சும்மாவா? எவன்டி எழுதினான் இதை? தொட்டியத்துக்காரனா இருப்பான்." அத்தை சிரித்தாள்.

திரையின் மூலையில் ஊரின் ஜனத்தொகை இருக்கும். இருபத்துமூன்று. அத்தை கண்ணாடியில் விரல் வைத்து ஒவ்வொருவராக எண்ணினாள். இருபத்துநாலு வந்தது. நான் எண்ணினேன். எனக்கும் இருபத்துநாலு. பொழுது சாய்ந்ததும் ஊரில் ஒவ்வொரு கதவும் தன் ஆட்களுக்குத் திறந்து மூடும். நீலப் பாவாடைக்காரி கதவு கதவாகப் போனாள். திறக்கவில்லை. மறுபடி கிணற்றடியில் போய் நின்றுகொண்டாள்.

"ஒரு வீடு கட்டிக் குடேன்டி அவளுக்கு."

கட்டினேன். கூரை போட்டு முடித்த கையோடு மீன்காரர் குடும்பத்தில் பாதிப் பேர் அதில் குடியேறிவிட்டார்கள்.

"அவ பேரு எந்த ரேஷன் கார்டுலயும் இல்ல போலருக்கு" என்றாள் அத்தை. "அரிசியும் கிடையாது, வீடும் கிடையாது." இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

எப்படியாவது அவளை ஊரில் சேர்த்து அத்தையை அசத்த வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. ராஜகோபுரத்துப் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அது பக்" என்றார். பூச்சியா என்று கேட்டேன். "ப்ரோக்ராம்ல தப்புங்கறேன். இந்த ஃப்ளாப்பியைப் போடு, எல்லாம் தன்னால சரியாயிடும்." ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் அதை ஒளித்து வைத்து ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தேன்.

அதே ஞாயிற்றுக்கிழமை தொட்டியத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அத்தையைக் கட்டிய மாமாவின் அண்ணன் ஒருவர், கூட ஒரு பெரியவர். மாமா வரவில்லை. அத்தை சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள். என்னை உள்ளறைக்கு விரட்டினார்கள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஃப்ளாப்பி கரகரவென்று சுற்ற, திரையில் ஒரு நீலக்கோடு நத்தையாக நகர்ந்தது. ஹாலிலிருந்து குரல்கள் வந்தன.

"நடந்தது நடந்துபோச்சு. கிளம்பச் சொல்லுங்க."

"தங்கச்சியும் ஒரு வார்த்தை சொல்லணும்ல..." என்றார் அப்பா.

"அங்க என்னங்க குறை? இலை கட்ட ஆள் இருக்கு, மாட்டுக்கு ஆள் இருக்கு. அதுபாட்டுக்குச் சும்மா இருந்தாப் போதும்."

நீலக்கோடு மறுகரையைத் தொட்டது. ஆறு வந்தது, கரை வந்தது, கூரைகள் வந்தன. ஆடு தரையில் மேய்ந்தது. மீன்காரர் தண்ணீரைப் பார்த்து நின்றார். கிழவர் சுவரைவிட்டுத் திரும்பி ஹாய்யாக நடந்துபோனார். நான் ஹாலுக்கு ஓடினேன்.

"அத்தை! சரி பண்ணிட்டேன்! வந்து பாருங்க அத்தை!"

பெரியவர் என்னை முறைத்தார். அத்தை வந்தாள். நின்றபடியே பார்த்தாள். கிணற்றடியில் யாருமில்லை. அத்தை விரலை வைத்து எண்ணினாள், மெதுவாக, நிழல்களைக்கூட விடாமல். இருபத்துமூன்று. மூலையிலும் இருபத்துமூன்று.

"அவ எங்கடி?"

எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. "கணக்கு இப்ப சரியா இருக்கு அத்தை. அவதான் தப்பு."

அத்தை என்னைத் திட்டவில்லை. பீரோவுக்குப் பக்கத்திலிருந்த சூட்கேஸைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். கல்யாணத்தின்போது எங்கள் ரேஷன் கார்டிலிருந்து அவள் பெயரை நீக்கியதற்குத் தாலுகா ஆபீஸில் கொடுத்த சீட்டு. அதைக் கொடுத்துத்தான் தொட்டியத்து வீட்டுக் கார்டில் சேர்க்க வேண்டும்.

"அண்ணே, நாளைக்கு லீவு போடு. என் பேரை நம்ம கார்டுல சேக்கணும்."

அப்பா சீட்டை வாங்கிப் பார்த்தார். அதை அம்மா எட்டிப் பார்த்து, "மடிப்பே பிரியலையே" என்றாள்.

"பாத்துச் சேக்கலாம்னுதான்... வேலை மும்முரம்..." என்றார் மாமாவின் அண்ணன்.

"ஆறு வருஷமா?"

கேட்டது அம்மா. கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போனாள். பருப்பு டப்பாவுக்குப் பின்னாலிருந்து எங்கள் கார்டை எடுத்து வந்து, முந்தானையால் துடைத்து, அப்பாவின் மடியில் வைத்தாள். அவர்களுக்கு வைத்த காபியில் ஆடை கட்டியிருந்தது. வந்தவர்கள் அதைத் தொடாமலே எழுந்து போனார்கள்.

நான் உள்ளறையில் அழுதுகொண்டிருந்தேன். அம்மா வந்து பார்த்தாள்.

"உனக்கு என்னடி வந்துச்சு இப்ப?"

"எல்லாத்தையும் சரி பண்ணினேன். நல்லா இருக்குன்னு யாருமே ஒரு வார்த்தை சொல்லலை."

அம்மா என்னையே பார்த்தாள். அவள் உதட்டோரம் என்னவோ துடித்தது.

"இங்க வாயேன்" என்று ஹாலைப் பார்த்துக் கூப்பிட்டாள். "உன் மருமக எல்லாத்தையும் சரி பண்ணிட்டாளாம். நீ ஒரு வார்த்தை சொல்லலையாம்."

அத்தை கதவருகே வந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யார் முதலில் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மா முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போதும் அண்ணி, வயிறு வலிக்குது" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "என்னாச்சு ரெண்டு பேருக்கும்?" என்று அப்பா ஹாலிலிருந்து பயந்துபோய்க் கேட்டார்.

என்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இரண்டு நாள் இருவரோடும் நான் பேசவில்லை.