தலைக்கு ஊற்றிய இரண்டாம் நாள்

கடலூரில் நாங்கள் போய்க்கொண்டிருந்த கருத்தரிப்பு மருத்துவமனையில், என் மனைவியின் ஃபைல் மேல் சிவப்பு மையில் 'புவர் ரெஸ்பாண்டர்' என்று எழுதியிருந்தார்கள். கூட வந்திருந்த என் மாமியார் அது என்னவென்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எழுத்து எது கண்ணில் பட்டாலும் என்னைப் பார்ப்பது எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. நானும் யோசிக்காமல், "சரியாப் பதில் சொல்லாதவங்கன்னு அர்த்தம் அத்தை" என்றேன்.

"இவளா? வூட்ல ஒரு வார்த்த சொன்னா ஒம்பது வார்த்த திருப்பிச் சொல்லுவா. இங்க வந்து வாயத் தொறக்காம உக்காந்திருந்தாளாக்கும்."

பதில் சொல்லாதது அவள் இல்லை, அவளுடைய சினைப்பை என்று விளக்கினேன். ஊசி போட்டால் மற்றப் பெண்களுக்கு ஒரே சமயத்தில் பத்து, பன்னிரண்டு கருமுட்டைகள் வளரும். இவளுக்கு ஒன்றோ இரண்டோதான் வளர்கின்றன. அப்படியானால் கேட்கிறவர்களும் ஒழுங்காகக் கேட்க வேண்டுமில்லையா என்றார் மாமியார். பிற்பாடு மருத்துவர் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்.

அவளுக்கு வயது முப்பத்திரண்டு. இரத்தப் பரிசோதனை மட்டும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. முட்டைகளின் கையிருப்பு நாற்பதைத் தாண்டிய பெண்ணுடையதைப் போல இருக்கிறது என்றார் மருத்துவர். முதல் முறை அவ்வளவு ஊசிகளுக்குப் பிறகு ஒரே ஒரு முட்டை கிடைத்தது. அதுவும் கருவாகவில்லை. இன்னொரு முறை பார்ப்போம், அதிலும் இல்லையென்றால் வேறொரு பெண்ணின் முட்டையை வாங்கிச் செய்வதைப் பற்றி யோசியுங்கள் என்றார். அன்று பஸ் ஸ்டாண்டில் என் மனைவி தன் முடிவைச் சொல்லிவிட்டாள். இன்னொரு முறை தான் தயார். அதிலும் ஒன்றும் இல்லையென்றால் இந்தப் பேச்சையே யாரும் எடுக்கக்கூடாது. அடுத்தவர்கள் முட்டை தனக்கு வேண்டாம். சொல்லி முடித்துவிட்டுப் பக்கத்துக் கடையில் வெள்ளரிப் பிஞ்சு வாங்கினாள்.

இரண்டாவது முறைக்கு எப்போது வர வேண்டும் என்று நர்ஸ்தான் சொன்னார். "தலைக்கு ஊத்துன ரெண்டாம் நாள் வந்துடுங்க. அன்னிக்கே ஸ்கேன் பாத்து ஊசிய ஆரம்பிச்சிடலாம். லேட் பண்ணிடாதீங்க." முதல் முறை மாத்திரை கொடுத்து, வர வேண்டிய தேதியையும் அவர்களே குறித்துக் கொடுத்திருந்தார்கள். இந்த முறை நாங்களாகப் பார்த்து வர வேண்டும். இருவரும் தலையாட்டினோம். இருவருக்கும் புரிந்திருந்தது.

என்ன புரிந்திருந்தது என்பதில்தான் வில்லங்கம். நான் கிள்ளைப் பக்கம். எங்கள் ஊரில் பெண்கள் மாதவிலக்கு என்று வாயால் சொல்ல மாட்டார்கள், 'தலைக்கு ஊத்திக்கினேன்' என்பார்கள். இரத்தம் பட்ட அன்றைக்கே அந்தச் சொல் வந்துவிடும். குளித்தார்களா இல்லையா என்பது வேறு விஷயம். இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பெண்கள் எந்த நாளில் ஒதுங்கி உட்கார முடியும்? என் மனைவி திருவதிகைப் பக்கம். அவர்கள் வீட்டில் முதல் இரண்டு நாள் 'தூரம்'. தட்டு தனி, பாய் தனி. மூன்றாம் நாள் காலையில் எண்ணெய் வைத்துத் தலை முழுகினால்தான் அது 'தலைக்கு ஊத்திக்கிறது'. கல்யாணமாகி ஆறு வருஷமாக ஒரே சொல்லை ஆளுக்கு ஒரு நாளுக்கு வைத்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். அதனால் குடும்பத்தில் எந்தக் குறையும் ஏற்பட்டதில்லை.

அந்த மாதம் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். ஒருநாள் காலையில் ஃபோன் வந்தது.

"மாமா, இன்னிக்குத் தலைக்கு ஊத்திக்கினேன்."

அப்படியானால் நாளை இரண்டாம் நாள் என்றேன். ஆமாம், அம்மாவும் அதைத்தான் சொல்கிறது என்றாள். மறுநாள் நான் வேலை பார்க்கும் பாலிடெக்னிக்கில் லீவு சொல்லிவிட்டு சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறினேன். பண்ருட்டி வழியாக அவளும் மாமியாரும் வந்தார்கள். கடலூரில் மூன்று பேரும் சொல்லிவைத்ததுபோல ஒன்றாக இறங்கினோம். காரியம் சரியான நேரத்தில் நடக்கிறது என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே மருத்துவர் இன்றைக்கு எத்தனாவது நாள் என்று கேட்டார். நான் "ரெண்டு" என்றேன். அதே நேரத்தில் என் மனைவி "நாலு" என்றாள். மருத்துவர் திரையிலிருந்து கண்ணை எடுத்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு திரையே பதில் சொன்னது. வலது பக்கத்தில் ஒரு முட்டை மட்டும் மற்றவற்றை விட்டுவிட்டு முந்திக்கொண்டு வளர்ந்திருந்தது. முட்டை குறைவாக உள்ளவர்களுக்குச் சில சமயம் அப்படித்தான் சீக்கிரமே ஒன்று கிளம்பிவிடுமாம். இப்போது ஊசி போட்டால் மருந்தெல்லாம் அந்த ஒன்றுக்கே போகும், மற்றவை அப்படியே நின்றுவிடும் என்றார்.

வெளியே வராந்தாவில் நர்ஸும் மாமியாரும் விசாரணை நடத்தினார்கள். நர்ஸ் பொறுமையாக, கடலூரில் தலைக்கு ஊத்துறதென்றாலே மாதவிலக்கு வந்த நாள்தான், எல்லாரிடமும் அப்படித்தான் சொல்கிறோம் என்றார்.

"குளிக்காமயே தலைக்கு ஊத்திக்கினேன்னு எப்டிம்மா சொல்றது? தண்ணி வேணாவா?" என்றார் மாமியார்.

நர்ஸ் அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டு பேர் கூப்பிடப் போனார்.

மருத்துவர் எங்களை மறுபடி கூப்பிட்டு உட்கார வைத்தார். இந்த மாதம் போய்விட்டது, அடுத்த மாதம் வாருங்கள் என்று சொல்லப்போகிறார் என எதிர்பார்த்தேன். அவர் வேறு சொன்னார்.

"முன்னாடியெல்லாம் இப்டி வந்தா திருப்பி அனுப்பிடுவோம். ஒரு மாசத்துல ஒரு தடவதான் முட்டைங்க வளரக் கிளம்பும்னு நெனச்சிட்டிருந்தோம். இப்ப என்னன்னா, ஒரே மாசத்துக்குள்ளயே ரெண்டு மூணு தடவ கூட்டமா கிளம்புதுங்கன்னு தெரியுது. அந்தப் பெருசு போவட்டும். அது வெடிச்சி வெளிய போன பிறகு, மாசத்தோட பின்பாதியில ஊசிய ஆரம்பிப்போம்."

அப்படிச் செய்தால் அதிகமாகக் கிடைக்குமா என்று கேட்டேன். "ஜாஸ்தி கெடைக்கும்னு நான் சொல்லல. உங்கள மாதிரி ஆளுங்களுக்குக் காத்திருக்க வேண்டியதில்ல, அவ்ளோதான்" என்றார். ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. பின்பாதியில் ஆரம்பித்தால் கர்ப்பப்பை அந்த மாதம் கருவை ஏற்கும் நிலையில் இருக்காது. கரு கிடைத்தால் உறைய வைத்துவிட்டு, வேறொரு மாதம்தான் உள்ளே வைக்க முடியும்.

மாமியார் பண்ருட்டி பஸ் ஏறிவிட்டார். நாங்கள் சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்தோம். ஆலப்பாக்கம் தாண்டியதும், அடுத்த மாதமே முறையாக ஆரம்பிக்கலாம் என்றேன். படிப்பு எனக்கு வந்ததெல்லாம் கடைசித் தேதிகள் வழியாகத்தான். விண்ணப்பம், உதவித்தொகை, ஹாஸ்டல் எதுவானாலும், அன்றைக்கு ஐந்து மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள். கேட்டுச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாததால் நானே எல்லாத் தேதிகளையும் மனப்பாடம் செய்துவைத்திருப்பேன். எந்த நாளில் வேண்டுமானாலும் வரலாம் என்று ஒரு இடம் சொன்னால் அங்கே ஏதோ சரியில்லை என்றுதான் எனக்குத் தோன்றும். கடைசி முறை என்று அவளே சொல்லியிருக்கிறாள். அதை இப்படி இடையில் ஆரம்பிக்க வேண்டுமா என்று கேட்டேன்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நீங்க பரிட்சைக்குப் போறாப்ல போறீங்க மாமா. அடுத்த மாசம் ரெண்டாம் நாள் போவோம். அப்பவும் ஒண்ணு முந்திக்கினு நிக்கும். அதுக்கடுத்த மாசம்பீங்க. எனக்கு மாசம் ஒண்ணும் சும்மா போவல, என் உள்ள இருக்கறதயும் எடுத்துக்கினுதான் போவுது."

புதுச்சத்திரத்தில் பஸ் நின்று கிளம்பியது. பின்பாதியிலேயே ஆரம்பிக்கலாம் என்றேன். "நான் டாக்டர்கிட்ட அப்பவே சொல்லிட்டேன். நீங்க மருந்துக் கடைக்குப் போயிருந்தீங்க" என்றாள்.

மறுநாளே ஊசிப் பெட்டியைக் காவல் காக்க மாமியார் சிதம்பரத்துக்கு வந்து சேர்ந்தார். பெரிய முட்டை வெடித்துப் போனதை அடுத்த வாரம் ஸ்கேனில் பார்த்துச் சொன்னார்கள். ஊசியை இரண்டு நாள் முன்னே பின்னே ஆரம்பித்தாலும் ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னதை மாமியார் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அஷ்டமி, நவமி இரண்டையும் தள்ளி, தசமியில் ஆரம்பிக்கச் சொன்னார். மருத்துவரிடம் கேட்டேன். அவருக்கு ஆட்சேபணை இல்லை. மருத்துவ அறிவியல் இவ்வளவு முன்னேறியதில் என் மாமியாருக்கு நல்ல நாள் பார்க்க இடம் கிடைத்தது.

தினமும் சாயங்காலம் நான்தான் ஊசி போட்டேன். ஃபிரிட்ஜில் மருந்துக்குப் பக்கத்தில் மீன் குழம்பு வைக்கக்கூடாது என்று மாமியார் ஒரு சட்டம் போட்டார். ஆகவே குழம்பை அன்றன்றே தீர்க்க வேண்டியிருந்தது. நான் எடை கூடினேன். ஊசி போடும்போது என் மனைவி டிவியில் கண்ணை வைத்திருப்பாள். ஒருநாள் மட்டும், வலிக்கிறதா என்று கேட்டதற்கு, கேட்காமல் போட்டால் வலிக்காது என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

முட்டை எடுத்த அன்று மருத்துவர் வெளியே வந்து மூன்று விரலைக் காட்டினார். மூன்று. முதல் முறையைவிட இரண்டு கூடுதல். ஆனால் போன முறையும் முட்டை வரை வந்தோம், கருவில்தான் கைவிட்டுப்போனது. மாமியார் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. மயக்கம் முழுதாகத் தெளியவில்லை என்று நான் அத்தையிடம் சொன்னேன். தெளிந்துதான் இருந்தது.

கரு நிலவரத்தை ஆய்வகத்திலிருந்தே கூப்பிட்டுச் சொல்வார்கள். கூப்பிட்டபோது நான் மாணவர்களுக்கு மல்டிமீட்டர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வராந்தாவுக்கு வந்தேன். ஒரு பெண் குரல், ரெண்டு கரு நன்றாக வளர்ந்திருக்கிறது, உறைய வைத்தாயிற்று என்றது. எத்தனை செல், எந்தத் தரம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "சார், நான் சொன்னது நல்ல செய்திதான் சார்" என்றார்.

என் மனைவி மேல வீதிப் பக்கம் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறாள். ஃபோனில் சொல்லத் தோன்றவில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் என்று வாசல் வரை ஆட்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, ரெண்டு என்று விரலைக் காட்டினேன். அவள் புரியாமல், எதுவானாலும் வரிசையில் வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். மறுபடி காட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். எதிரே ஒரு பெரியவர் கைரேகை வைக்க விரலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய விரலைப் பிடித்துக் கருவியில் வைத்து, பதிந்ததா என்று பார்த்து, அவர் வேலையை முடித்து அனுப்பினாள். பிறகு மேசைக்கு அடியிலிருந்து 'சர்வர் வேலை செய்யவில்லை' என்ற அட்டையை எடுத்துக் கண்ணாடியில் சாய்த்து வைத்தாள்.

வரிசையில் ஒருத்தர், இவ்வளவு நேரம் ஓடிய சர்வருக்கு இப்போது மட்டும் என்ன வந்தது என்று சத்தம் போட்டார்.

"பத்து நிமிசம்ண்ணா. வந்துடும்" என்றாள்.

பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு வந்து, என் சட்டையின் முன்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தடவ சொல்லுங்க மாமா. வெரலக் காட்டாம வாயால சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.