மோட்டாருக்கு முகம் கழுவி விட்டேன்

மோட்டார் காயில் கட்டும் தொழிலுக்கு வருகிறவர்கள் கையில் முதலில் ஒட்டுவது வார்னிஷ். அறிவு ஒட்டக் கொஞ்சம் நாளாகும். வார்னிஷ் வாசனையோடு சோறு தின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். தொண்ணூறுகளின் கடைசியில், பதினோராம் வகுப்பு முடிந்த லீவில், இஞ்சினீயரிங்தான் படிப்பேன் என்று அடம் பிடித்தேன். வாத்தியாரான அப்பா நிபந்தனை போட்டார்: ஆரணியில் மாமா நடத்தும் காயில் கடையில் லீவு முழுக்க வேலை பார்க்க வேண்டும், ஒரு புகார் வந்தாலும் பி.காம்.தான். எனக்கோ கணக்குப்பதிவியல் என்றாலே காய்ச்சல் வரும்.

சலூன் ஃபேன்

முதல் வேலை, சலூன்காரர் ஒருவரின் டேபிள் ஃபேன். காயில் கட்டி சுவிட்சைப் போட்டதும் ஜம்மென்று சுற்றியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நான் ஒயரை மாற்றிக் கொடுத்ததில் ஃபேன் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறது. அப்பாவிடம் போய்விடுவாரோ என்று எனக்கு உதறல். அவரோ நிதானமாகச் சொன்னார்: "காத்து நல்லாத்தாம்மா வருது. செவுத்துக்கு வந்துகினு இருக்குது. நான் செவுத்துக்கா ஷேவிங் பண்றேன்?"

கரண்ட்

பவர்கட் என்று நம்பி ஒயரைத் தொட்டேன். அலறிக்கொண்டு வார்னிஷ் டப்பா மேல் போய் விழுந்தேன். கடையின் மூத்த மெக்கானிக் பாஷா அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கரண்ட்டு வந்துட்ச்சா? அத்த சொல்றதுக்கு ஏம்மா இம்மாஞ் சத்தம்?"

பொட்டு

அமாவாசையன்று தறி ஓடாது. பவர்லூம்காரர்கள் அன்றைக்குத்தான் பெல்ட் மாட்டும் சக்கரமான புல்லியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, மோட்டாரை மட்டும் ரிப்பேருக்குக் கொண்டுவருவார்கள். அன்று வந்த மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே பச்சை. ஒன்றுக்குப் பட்டை விபூதி, ஒன்றுக்கு நாமம், ஒன்றுக்குக் குங்குமப் பொட்டு. பூஜை போட்ட அந்த அடையாளம்தான் விலாசம் என்பது எனக்குத் தெரியாது. ரிப்பேர் முடிந்ததும், சுத்தமாகக் கொடுப்போமே என்று மண்ணெண்ணெய் போட்டு மூன்றையும் பளபளவென்று துடைத்து வைத்தேன்.

மாலையில் வந்த மூன்று பேரும் ஓட்டிப் பார்த்தார்கள். சத்தமே இல்லாமல் ஓடிய ஒன்றைக் காட்டி, அதுதான் தன்னுடையது என்று மூவருமே சத்தியம் செய்தார்கள். நாமக்காரரான குப்புசாமி, "இரு, உங்கப்பா கையில சொல்றேன்" என்று செருப்பை மாட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பயத்தில்தான் மூளை ஓடியது. புல்லி உட்காரும் தண்டான ஷாஃப்ட் ஒவ்வொன்றும் தன் புல்லியோடு சேர்ந்துதானே தேய்ந்திருக்கும்? "அவங்கவங்க புல்லிய எடுத்துகினு வாங்க" என்று கெஞ்சினேன். எடுத்து வந்தார்கள். ஒவ்வொரு புல்லியும் ஒரே ஒரு ஷாஃப்டில்தான் ஆடாமல் உட்கார்ந்தது. இருப்பதிலேயே அதிகமாக இரைந்த மோட்டார் குப்புசாமியுடையது.

அவர் விடவில்லை, வீட்டுக்கே வந்துவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்: "மோட்டாரு மூஞ்சியெல்லாம் கழுவி உட்டுட்ச்சி சார் உங்க பொண்ணு. அப்பால அதுவே கண்டுபுடிச்சும் குட்த்துட்ச்சி. மூளை இருக்குது, இஞ்சினீயருக்கே படிக்க வைங்க. ஜல்தியா எங்கனா வெளியூருக்கு அனுப்புங்க. கடைப்பக்கம் மட்டும் உடாதீங்க!"

ஆரணியிலிருந்து இஞ்சினீயரிங் படிக்கப் போனவர்களில், ஊர் தப்பித்துக்கொள்வதற்காகவே அனுப்பிவைத்த ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.