தண்ணீருக்கடியில் ஆறு படகுகள்

காலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். அல்சூர் ஏரியில் மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஒருவர் படகுக்குள் கற்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எறியவில்லை. ஒவ்வொன்றாக, முட்டையை வைப்பதுபோல வைத்தார். பிறகு படகின் விளிம்பைத் தோளால் அழுத்தினார். ஏரி உள்ளே புகுந்தது. சத்தமில்லாமல் படகு அடியில் போய் உட்கார்ந்தது.

நான் சைக்கிளை விட்டு இறங்கினேன். ஐம்பதுகளின் கடைசி அது. கண்டோன்மென்டில் ஒரு பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டு, ஆள் குறைந்த நாட்களில் செய்தியும் எழுதிக்கொண்டிருந்தேன். அச்சகத்துக்கு ஏரிக்கரை வழியாகத்தான் போவேன். படகுத்துறையில் எப்போதும் எட்டுப் படகுகள் கட்டியிருக்கும். அன்று இரண்டுதான் மிதந்தன. மற்ற ஆறின் இடத்தில், முளைக்குச்சியிலிருந்து கயிறு நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது.

பத்திரிகைக்காரனுக்கு முதலில் தோன்றக்கூடியதே எனக்கும் தோன்றியது: பழிவாங்குகிறார்கள். காரணமும் இருந்தது. படகோட்டிகள் நான்கு பேருக்கும் ஐந்து மாதமாகச் சம்பளம் இல்லை. ஏரியைப் பார்க்கும் சர்க்கார் துறை, படகுத்துறையை ஒரு கான்ட்ராக்டரிடம் விட்டிருந்தது. அவர் ஒரு பருவம் டிக்கெட் விற்றுவிட்டு ஜன்னலைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். கேட்டால், "அவங்க கான்ட்ராக்டர் ஆளுங்க" என்றது அலுவலகம். "துறை என் டெபாசிட்டைத் தரவில்லை" என்றார் கான்ட்ராக்டர். இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவே நான் இரண்டு முறை நடந்திருக்கிறேன். அந்த நான்கு பேர் எத்தனை முறை நடந்தார்களோ.

தண்ணீரில் நின்றவர் அவர்களுடைய மேஸ்திரி. கடலூர்ப் பக்கத்து உப்பங்கழியில் படகு தள்ளி வளர்ந்து, யுத்த காலத்தில் இங்கே வேலைக்கு வந்தவர்.

"இன்னா மேஸ்திரி, சர்க்கார் போட்டையெல்லாம் முழுக்கிட்டீங்களா?"

"முழுக்கல சார். படுக்க வெச்சிருக்கேன்."

கரையில் கல் சுமந்துகொண்டிருந்த மூவரில் இளையவர் சிரித்தார். "தாலாட்டுதான் பாக்கி. பேப்பர்ல போட்றாதீங்க சார், அப்பறம் அதையும் பாடச் சொல்லுவானுங்க."

மேஸ்திரி கரைக்கு வந்து வேட்டியைப் பிழிந்தார். "பலகைக்குப் பூச கீல் கேட்டேன், தார்தான், வர்ல. எண்ணெ கேட்டேன், வர்ல. இந்த வெயில்ல சும்மா கட்டி வெச்சா மேல் பலகை காஞ்சி வாய் பொளந்துடும். உள்ள போட்டா மரம் தண்ணி குடிச்சி ஊதிக்கும், சந்து தானா அடச்சிக்கும். எங்கப்பா கழியில இதத்தான் பண்ணுவாரு. கல்லு பத்தல, அந்த ரெண்டும் நாளைக்கு."

"அஞ்சு மாசமா கூலி இல்ல. இது எதுக்கு?"

"போட்டு இருக்கிற வரைக்கும்தான் சார் நான் போட்டுக்காரன். அது போச்சின்னா எந்த மூஞ்ச வெச்சிகினு ஆபீஸ்ல போயி சம்பளம் கேக்கறது?"

அன்று பத்து மணிக்கு உதவி இன்ஜினியர் வந்தார். நான் அங்கே இல்லை. நடந்ததை மாலையில் நான்கு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன், ஒத்துப்போனது. பதிவேட்டில் எட்டு, கண்ணில் இரண்டு. மற்றவை எங்கே என்று கன்னடம் கலந்து கேட்டிருக்கிறார்: "ஏனப்பா, ஆறு போட் எல்லி? வித்துட்டியா?" மேஸ்திரி தண்ணீரைக் காட்டியிருக்கிறார். இன்ஜினியர் பார்த்திருக்கிறார். பச்சைத் தண்ணீர், ஒரு முழத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாது. 'ஊழியர்கள் வேண்டுமென்றே ஆறு படகுகளை நாசம் செய்தனர்' என்று எழுதிக்கொண்டார். வரும் திங்களை விட்டு அதற்கடுத்த திங்கட்கிழமை பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார், அதுவரை யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது, அன்று படகுகளை முழுசாகக் காட்டாவிட்டால் சம்பளப் பாக்கியும் கிடையாது, போலீசும் வரும் என்றார். மிதந்த இரண்டையும் பத்திரத்துக்காகக் கரைமேல் இழுத்துப்போட்டு ஒரு பியூனைக் காவல் வைத்தார்.

"நெழல்லயாவது வைங்க ஐயா" என்றாராம் மேஸ்திரி.

"நீ எனக்குச் சொல்லிக்குடுக்க வராதே."

பன்னிரண்டு நாள். பியூன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார், படகுகள் வெயிலில் கிடந்தன. ஒன்பதாம் நாள் ஒரு பலகைச் சந்தில் என் சைக்கிள் சாவி நுழைந்தது. மேஸ்திரியின் கண் அங்கே இல்லை. அவர் கயிறுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன நாள் தொடாம உட்டதில்ல சார். இந்த ஏரி சேறு வேற மாதிரி. புடிச்சிகிச்சின்னா வராது."

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஜீப் வந்தது. நான்கு பேரும் இறங்கினார்கள். மேஸ்திரி மூச்சடக்கி முங்கி, கல்லோடு வந்தார். மறுபடி முங்கினார். பதினேழு கற்களை எண்ணினேன். பதினெட்டாவது கல் வெளியே வந்த பிறகும் ஒன்றும் நடக்கவில்லை. நான்கு பேரும் கயிற்றைப் பிடித்து அசைத்தார்கள், இழுக்காமல், தூங்குகிறவரை எழுப்புவதுபோல. அடியிலிருந்து குமிழிகள் வரிசையாக வந்தன. அப்புறம் தண்ணீருக்குக் கீழே ஒரு கறுப்பு உருவம் தெரிந்தது. அது பெரிதாகிக்கொண்டே வந்து, விளிம்பு மட்டும் மேலே எழுந்து, ஏரியின்மேல் கோடுபோட்டு வரைந்த படகாக நின்றது. உள்ளேயும் ஏரி, வெளியேயும் ஏரி. அவர்கள் அதை முன்னும் பின்னும் ஆட்டினார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தண்ணீர் முனைவழியாகப் பாய்ந்து கொட்டியது. படகு ஒரு விரல் உயர்ந்தது. மீதியைத் தகர டப்பாவால் இறைத்தார்கள். கடைசி டப்பாவில் இரண்டு சிறு மீன்கள் துள்ளின.

இப்படி ஆறு முறை. அணைக்கட்டு திறந்ததைப் பார்த்திருக்கிறேன், முதல் மின்விளக்கு எரிந்த ஊரைப் பார்த்திருக்கிறேன். அவற்றைப் பற்றி எழுத வார்த்தை கிடைத்தது. அன்று நோட்டுப்புத்தகத்தில் நான் எழுதியிருப்பது நேரங்கள் மட்டுமே: 9.25, 9.40, 9.52, 10.04, 10.15, 10.27.

அதிகாரி மற்ற இரண்டையும் இறக்கச் சொன்னார். பியூனும் இன்ஜினியரும் தள்ளினார்கள். எல்லாச் சந்துகளிலிருந்தும் தண்ணீர் ஒரே நேரத்தில் வந்தது. அதிகாரி பற்றவைத்த சிகரெட் பாதி எரிவதற்குள் இரண்டும் நிரம்பிவிட்டன.

"சார், முழுகறதுன்னா இதான்" என்றார் இளையவர், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அதிகாரி ஷூவைக் கழற்றிவிட்டு, ஆறில் ஒன்றில் ஏறினார். மேஸ்திரி அவரை ஏரி நடுவிலிருந்த தீவுவரை கொண்டுபோய்த் திரும்பினார். அதிகாரி குனிந்து உள்பலகைச் சந்துகளைத் தடவி, தண்ணீர் கசியவில்லை என்று பார்த்துக்கொண்டார். இன்ஜினியரின் நோட்டை வாங்கி, 'நாசம் செய்தனர்' என்ற வரியை அடித்தார்.

"ஐயா, எங்க சம்பளம்?" என்றார் மேஸ்திரி.

"போட் டிபார்ட்மென்டோடது. அத எழுதறேன். ஆளுங்க கான்ட்ராக்டரோடது. ஃபைல் மேல போகணும்."

"போட்ட பாத்துகினது யாருங்கய்யா?"

அதிகாரி ஷூவின் நாடாவைக் கட்டினார். "அதையும் எழுதறேன்."

ஜீப் போனது. நான்கு பேரும் கரையில் உட்கார்ந்து ஒரே பீடியை மாற்றி மாற்றிக் குடித்தார்கள். வெயில் படகுகளுக்கு வந்துவிட்டிருந்தது. மேஸ்திரி எழுந்துபோய்க் கற்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

பதினொன்றரை மணிக்கு ஆறு படகுகளும் மறுபடி தண்ணீருக்கடியில் இருந்தன. சம்பள உத்தரவு ஆடி மாதம் வந்தது. ஐந்து மாதத்தில் மூன்று மாதத்துக்கு.