கடிவாளத்தைத் தளர்த்திய மலாக்கி

அயர்லாந்தின் லிமரிக்கிலிருந்து கப்பலேறி வந்த நாலாவது வருஷம் மலாக்கி டியர்னிக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஹாரப்பின் லாயத்தில் ஜாக்கி வேலை கிடைத்தது. தடை தாண்டும் பந்தயங்களில் ஹாரப் பெரிய பெயர். ஜாக்கிக்கு வேண்டியதைவிட மலாக்கி உயரம். எடையைக் குறைக்க, பந்தயத்துக்கு முந்தின நாள் ஒரு அவித்த முட்டையோடு நிறுத்திக்கொண்டு வெந்நீர்த் தொட்டியில் கிடப்பான்.

"என்ன ஐரிஷ்காரா, இன்னிக்கும் உருளைக்கிழங்கு கிடையாதா?" என்று லாயத்து ஆட்கள் சீண்டுவார்கள்.

"எனக்குப் பட்டினிதான்டா. உங்களை மாதிரி குதிரை மேலேருந்து விழுந்து மண்ணைத் தின்ன மாட்டேன்" என்பான்.

நவம்பரில் ஒரு பந்தயம். சில்வர் டிரம் என்ற குதிரையில் அவனை ஏற்றிவிடும்போது ஹாரப் காதோடு சொன்னார்: "இன்னிக்கு இவன் ஜெயிக்க வேண்டாம். இழுத்துப் பிடிச்சுப் பின்னாலயே கொண்டு வா. இப்ப ஜெயிச்சா, வேகமான குதிரைன்னு அடுத்த மாசம் பெரிய பந்தயத்துல முதுகுல கூடுதல் எடையை ஏத்திருவாங்க."

"கால்ல ஏதும் கோளாறா, முதலாளி?"

"அவன் கால் நல்லாத்தான் இருக்கு. உன் கை இறுக்கமா இருந்தா போதும்."

மலாக்கி முதலில் சொன்னபடிதான் ஓட்டினான். கடைசி இரண்டு தடை இருக்கும்போது குதிரை காதை முன்னால் நிமிர்த்தி, போகட்டுமா என்று கேட்பதுபோல் அவன் கையை இழுத்தது. கடிவாள வாரைத் தளர்த்திவிட்டான். சில்வர் டிரம் மற்ற குதிரைகளைத் தூரத்தில் விட்டுவிட்டு வந்து ஜெயித்தது.

"காது செவிடாடா உனக்கு?" ஹாரப்பின் முகம் செக்கச் சிவந்திருந்தது.

"நல்லாவே கேட்டுச்சு."

"பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. இந்தப் பக்கம் எவனும் உனக்குக் குதிரை தர மாட்டான்."

"தராட்டிப் போறாங்க. ஓடுற குதிரையை நிறுத்தவா கடல் தாண்டி வந்தேன்?"

ஹாரப் சொன்னபடிதான் நடந்தது. ஒவ்வொரு லாயமாகப் போய் நின்றான். கதவைத் திறந்தவர்கள்கூட அவன் பெயரைக் கேட்டதும் சாத்திக்கொண்டார்கள். ஊருக்கு வந்துவிடு என்று அண்ணன் போனில் கெஞ்சினான். "வர்றதா இருந்தா ஜெயிச்சிட்டு வர்றேன். இவங்க விரட்டினாங்கன்னு வரமாட்டேன்" என்று போனை வைத்துவிட்டான்.

கடைசியில் அவனுக்குக் குதிரை தந்தவள் வின்னி ரட்டர். ஆடு வளர்க்கும் விதவை. மாட்டுக்கொட்டகையில் மூன்று பந்தயக் குதிரைகளும் வைத்திருந்தாள்.

"இந்த பிராம்பிள் முரட்டுப் பெட்டைக் குதிரைப்பா. ரெண்டு பேரை உருட்டிவிட்டிருக்கா. கழுத்து மேல ஆசை இருந்தா இப்பவே ஓடிரு."

"கழுத்து கிடக்கட்டும், மிஸஸ் ரட்டர். சேணம் எங்க இருக்கு?"

பிப்ரவரியில் பந்தயத்தன்று மழையில் ஓடுபாதை முழுக்கச் சேறு. தூரத்துத் தடையில் பிராம்பிள் கால் இடறி அவனையும் உருட்டியது. தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தால், அடுத்த தடையில் ஆளில்லாத குதிரை ஒன்று குறுக்கே பாய்ந்து முன்னால் போன குதிரைகளையெல்லாம் சாய்த்திருந்தது. தப்பிப் போனது ஒரே குதிரை: சில்வர் டிரம்.

பிராம்பிள் ஓரத்தில் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. விழுந்த ஜாக்கி மறுபடி ஏறக் கூடாது என்ற விதி அப்போது வந்திருக்கவில்லை.

"ஏறாதப்பா, எலும்பு போயிருச்சு" என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

"எலும்பு என்னோடது. நீங்க இந்தக் காலைப் பிடிச்சுத் தூக்கிவிடுங்க."

ஒரு கையால் வாரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தான். ஜனங்கள் முதலில் சிரித்தார்கள். கடைசித் தடையில் சில்வர் டிரம் களைத்துப்போய், தாண்ட மாட்டேன் என்று நின்றுவிட்டது. புது ஜாக்கி அதைத் திருப்பித் திருப்பிக் கொண்டுவந்து சாட்டையால் அடித்துக்கொண்டிருந்தான். மலாக்கி அவர்களைக் கடந்து போய், பல்லைக் கடித்துக்கொண்டு தடையைத் தாண்டி ஜெயித்தான். சிரித்த கூட்டம் தொண்டை கிழியக் கத்தியது.

அவனை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ஹாரப் வந்தார். "எலும்பு சேர்ந்ததும் நம்ம லாயத்துக்கே வந்திரு. பழசை மறந்திருவோம்."

"நான் மறக்க மாட்டேன், முதலாளி. நீங்களும் மறக்காதீங்க."

அதற்கப்புறம் பதினைந்து வருஷம் சின்ன லாயங்களுக்கே ஓட்டினான். பெரிய கோப்பை எதுவும் கையில் வரவில்லை. ஆனால் ஒரு குதிரையை இழுத்துப் பிடி என்று அவனிடம் சொல்ல அப்புறம் யாருக்கும் வாய் வரவில்லை.

கடைசியாக ஒரு டாக்டர், "இன்னொரு தடவை விழுந்தா எழுந்திரிக்க மாட்டீங்க" என்று ஜாக்கி உரிமத்துக்குக் கையெழுத்துப் போட மறுத்தார்.

"எழுந்திரிக்கிறது என் வேலை, டாக்டர். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

அவர் போடவில்லை. மலாக்கி அவரைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தான். மறுநாள் காலை, யார் உரிமமும் தேவைப்படாத வின்னியின் மேய்ச்சல் மேட்டில், இன்னும் யாரையும் ஏறவிடாத ஒரு இளங்குதிரை மேல் ஏறி உட்கார்ந்தான்.