மூன்று கரண்டி லைசின்

தன் பன்றிகளின் தொடை தூணைத் தோற்கடிக்கும் என்று பீற்றிக்கொண்டே வாழ்ந்தவர் அந்தப் பண்ணைக்காரர். சதை பிடிப்பதற்காகத் தீவனத்தில் லைசின் பொடியைத் தானே அளந்து கலப்பார். அன்று காலை ஒரு பன்றிகூடத் தொட்டியில் வாய் வைக்கவில்லை. தொற்றுநோய் என்றால் அத்தனையையும் கொன்று புதைக்க வேண்டியதுதான்.

கால்நடை டாக்டர் சோதித்துப் பார்த்தார். "காய்ச்சல் இல்லையே. பொடி எவ்வளவு போட்டீங்க?"

"ஒரு கரண்டிதான்."

"நீங்க மறந்திருப்பீங்கன்னு நானும் ஒண்ணு போட்டேன்," என்றாள் மனைவி.

"ரெண்டு பேருமே மறந்திருப்பீங்கன்னு நானும் போட்டுட்டேன்டா," என்றாள் அம்மா.

"இந்த வீட்டுல மறதியே கிடையாது போல. அளவு மீறினா பன்றி மூஞ்சியைத் திருப்பிக்கும். தொட்டியைக் கழுவிட்டு வெறும் தீவனம் வைங்க," என்றார் டாக்டர்.

வைத்தார்கள். பெரிய பன்றி மோந்தது, விலகியது, திரும்பி வந்து வாயை அமிழ்த்தியது. பண்ணைக்காரர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.