செலின் அக்காவும் மன்னிக்காத மிருதுளாவும்

செலின் அக்கா இறந்துவிட்டார். காலையில் டியூஷன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அம்மா போன் செய்து சொன்னாள்... ஹார்ட் அட்டாக்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சந்தில் வளையல், ரிப்பன், சேஃப்டி பின் விற்கும் பேன்சி ஸ்டோர் அக்கா. பேஸ்புக் பக்கம் நான் வருவதே அத்தைமார்களின் குட் மார்னிங் பூக்களைக் கலாய்க்கத்தான். ஆனால் அக்காவைத் தெரிந்தவர்கள் எல்லாம் இங்கேதான் இருக்கிறீர்கள்... அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

அக்கா காதல் நாவல் பைத்தியம். மாதம் தவறாமல் வாங்குவார், ஒன்றுவிடாமல் படிப்பார், படித்த ஒவ்வொன்றையும் திட்டுவார்.

சுகர் கண்ணில் இறங்கிய பிறகு அவருக்கு எழுத்து தெரியவில்லை. அந்தச் சமயத்தில் ஹேர்பேண்ட் வாங்கப் போன நான், கல்லாப்பெட்டி மேல் கிடந்த நாவலின் அட்டையைப் பார்த்துவிட்டு, "இந்த அண்ணனுக்கு என்னக்கா பல்வலியா, இப்படி முறைக்கிறாரு?" என்று கேட்டுவிட்டேன்.

"அம்புட்டு வாய் இருக்குல்ல... உக்காந்து வாசி," என்றார். நாவல் என்றால் நா வலிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அதன்பிறகு சாயங்காலமானால் எனக்கு அந்த முக்காலிதான். வாசிப்பதைவிட அக்காவின் கமெண்டுக்காகத்தான் போனேன் என்று சொல்ல வேண்டும்.

ஹீரோயின் ஈரத் தரையில் வழுக்குவாள், ஹீரோ தாங்கிப் பிடிப்பான். டைல்ஸ் மட்டும் இல்லாவிட்டால் இந்தக் கதைகளில் யாருக்கும் காதலே வராது என்பார் அக்கா. காய்ச்சலில் கிடக்கிறவளின் நெற்றியில் அவன் ஈரத்துணி வைத்துக் கண் கலங்கினால், "மொதல்ல மாத்திரை வாங்கிட்டு வாடா" என்பார்.

ஆனால் அவருக்குக் கடைசிவரை ஆகாதது ஒன்றே ஒன்றுதான். ஹீரோவின் பங்களாவில் ஏகப்பட்ட அறை இருக்கும், ஹீரோயினுக்கு ஒரே ஒரு அறை... கன்னத்தில். கடைசி அத்தியாயத்தில் அவன் தாடியோடு வந்து நிற்பான், இவள் மன்னித்துவிடுவாள்.

இந்த மாதிரி ஆட்களை ஆன்ட்டி ஹீரோ என்று சொல்வது ஆன்ட்டிகளுக்குப் பிடிப்பதால்தானா என்று கேட்டேன். அக்கா சிரிக்கவில்லை. "எனக்குப் பிடிக்கல," என்றார்.

போன மாத நாவலில் ஹீரோயின் மிருதுளாவுக்கு அந்த அறை விழுந்ததும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு என்ன தோன்றியதோ... புத்தகத்தில் இல்லாததை வாசித்தேன். மிருதுளா திருப்பி அறைந்தாள் என்று.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க, அந்த வரிய இன்னொருக்க வாசி."

முதலில் என்ன சொன்னேன் என்பது மறந்துபோனதால், இந்த முறை இரண்டு அறை விழுந்தது. அக்கா கண்டுகொள்ளவில்லை.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. அவன் பின்னாலேயே வந்து மன்னிப்புக் கேட்க, மிருதுளா திரும்பிப் பார்க்காமல் ஊட்டியில் பஸ் ஏறி, நம்ம திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கிவிட்டாள். வேறு ஊர் எதுவும் சட்டென்று என் வாயில் வரவில்லை.

இங்கேயா இறங்கினாள் என்று கேட்டுவிட்டு அக்கா கடை வாசலை எட்டிப் பார்த்தார். சாப்பிட்டாளா என்று போட்டிருக்கிறதா என்றார். பிரியாணி என்றேன்.

இதை டியூஷனில் போய் நடித்துக் காட்டிச் சிரித்தேன். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் அக்கா, நாவலின் பின்னட்டையில் இருக்கும் எழுத்தாளரின் நம்பரைப் போட்டுக் கொடு என்றார்.

"இருவது வருசமா இந்தம்மா எழுதுறதப் படிக்கிறேன். ஒரு கதையிலயாச்சும் அவ மன்னிக்காமப் போகட்டும்னு கெடந்தேன். இப்பத்தான் எழுதியிருக்காங்க. நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிர்றேன் புள்ள."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் என் போனிலிருந்து என் நம்பருக்கே டயல் செய்து, அந்த பிஸி டோனை அவர் காதில் வைத்தேன்.

பெரிய எழுத்தாளர், எத்தனையோ பேர் கூப்பிடுவார்கள் என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார். அடுத்த நாளும் அதே டோன். அதற்கப்புறம் நான் கடைப் பக்கமே போகவில்லை... பிராக்டிகல் எக்ஸாம் என்று பெயர்.

போன வாரம் அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார். "ஒங்க மகள வரச்சொல்லுங்க. பாவம், அவ பஸ் ஸ்டாண்ட்லயே நிக்கிறா."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. போகவில்லை.

புத்தகத்தில் மிருதுளா மன்னித்துவிட்டாள். கடைசிப் பக்கத்தை நான் எப்போதோ பார்த்துவிட்டேன்... அதை எந்த முகத்தோடு வாசித்துக் காட்டுவது?

இன்று மதியம் அக்காவைப் பார்த்துவிட்டு வந்து, எழுத்தாளரின் அந்த நம்பருக்கு நிஜமாகவே போன் செய்தேன். உடனே எடுத்துவிட்டார். பிஸியெல்லாம் இல்லை.

உங்களை இருபது வருடமாகப் படித்த ஒருவர் இன்று இறந்துவிட்டார், மிருதுளா மன்னிக்காமல் போனது நல்லாருக்கு என்று உங்களிடம் சொல்ல நினைத்தார் என்றேன்.

தான் அப்படி எழுதவே இல்லையே என்றார். நடந்ததை எல்லாம் சொன்னேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன்... திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

திட்டவில்லை. "பஸ் ஸ்டாண்ட்ல எறங்கி... அப்புறம் எங்கம்மா போனா அவ?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்திருக்கும்... நான்தான் கேட்கப் போகவில்லை.

நாளை சாயங்காலம் அடக்கம். கடையில் ஒரு ரிப்பனாவது வாங்கியவர்கள் எல்லாம் வாருங்கள்.

அக்கா... லைன் கிடைச்சிருச்சு. சொல்லிட்டேன். போயிட்டு வாங்க.