கம்ப்ரசர் தண்ணீர்

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். பழனி லாட்ஜுகளில் பெட்டி தூக்கினேன். வேடசந்தூர் மில்லில் பஞ்சுத் தூசியோடு இருமினேன். எங்கும் நிலைக்கவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு மோட்டார் கடையில் சேர்ந்தேன். ‘ஸ்பர்ட்’ என்ற சொல்லை அங்கேதான், கடைக்காரர் வாயில் கேட்டேன். அர்த்தம் கேட்டதும் சொன்னார்.

“திடீர்னு பீறிட்டு வந்து சட்டுனு நின்னுருதுல்ல, அதாம்லே. பந்தயத்துல கடைசியில ஒருத்தன் விசை பிடிச்சு ஓடுவான் பாரு, அதுவும் ஸ்பர்ட்டுதான். ஒரே வருசத்துல பய அம்புட்டு உசரம் வளந்துர்றானே, அதையும் அப்படித்தான் சொல்வாக.”

“அப்ப நான் வேலை பாக்குறது?”

“அதுக்கும் அதே பேருதான். ரெண்டு நாள் பாய்ச்சல், அப்புறம் ஆளைக் காணோம்.”

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு அக்காவின் தோட்டத்துக்குக் கம்ப்ரசர் மாட்டப் போனேன். கிணறு வற்றி, போர் போட்டிருந்தார். அதிலும் தண்ணீர் கொஞ்சம்தான். குழாய்க்குள் காற்றை அடித்து அதை மேலே தள்ளுவதுதான் கம்ப்ரசரின் வேலை. அவர் தனியாளாக நட்ட தக்காளி நாற்று வெயிலில் தலை தொங்கிக் கிடந்தது. அன்று நனையாவிட்டால் போய்விடும்.

சுவிட்சைப் போட்டேன். தண்ணீர் சீறி வந்தது, நின்றது. மறுபடி சீறியது. வாய்க்கால் கிணற்றுக் காலத்தில் வெட்டியது, நீளமானது. ஒவ்வொரு வீச்சும் பாதி தூரம் ஓடுவதற்குள் செம்மண் குடித்துவிட்டது. முதல் பாத்திக்குக்கூட எட்டவில்லை.

“என்னப்பா, காத்தை விக்க வந்தியா?”

“இது வாரதே இப்படித்தான்க்கா. ஸ்பர்ட்டும்பாக.”

“பேரு நல்லாத்தான் இருக்கு. நாத்து குடிக்குமா?”

கடைசி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பியிருக்கலாம். ஏனோ நின்றேன். விட்டு விட்டு வருவதை அப்படியே ஓடவிட்டால் மண்ணுக்குத்தான் போகும், எங்கேயாவது தேங்க வேண்டும் என்றேன். அக்கா வீட்டுக்குள் போய் நிலக்கடலைக் குவியலை மூடும் தார்ப்பாயை இழுத்து வந்தார். குழாயடியில் இருவரும் குழி தோண்டி, பாயை விரித்து, வாய்க்கால் பக்கம் மண் அணைத்துக் கரை கட்டினோம்.

தண்ணீர் வந்தது, நின்றது, வந்தது. குழி நிறைந்ததும் அக்கா கரையை ஒரே வெட்டாக வெட்டினார். மொத்தத் தண்ணீரும் சேர்ந்து ஓடியது. அக்கா அதன் கூடவே நடந்தார். நடுப்பாத்தி வரை போய் நின்று, அங்கிருந்தே கையை ஆட்டினார்.

“மோட்டாரை அணைச்சிராதப்பா. அந்தக் கோடிக்கு இன்னும் ரெண்டு குழித் தண்ணி வேணும்.”

நான் மறுபடி கரையை அடைத்தேன்.